தோற்கக் கற்பித்த விளையாட்டு



ஸ்ரீமத் பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்தில் ஓர் இனிய காட்சி வருகிறது. கோடைக்காலத்தில் பிருந்தாவனத்து ஆயர்சிறுவர் இரு அணிகளாகப் பிரிந்து விளையாடுகின்றனர். ஓர் அணிக்குக் கண்ணன் தலைவன், மற்றதற்குப் பலராமன். தோற்றவர் வென்றவரைச் சுமந்து, பாண்டீரம் என்னும் ஆலமரம்வரை செல்ல வேண்டும் என்பது நியதி. அன்று கண்ணனின் அணி தோற்றது. அகிலத்தையே தாங்கும் பரம்பொருள், ஸ்ரீதாமன் என்ற தோழனைத் தூக்கிச் சுமந்து நடந்தான்.

எல்லாம் வல்லவன் ஏன் தோற்க வேண்டும்? தோல்வியை மறுப்பவனுக்கு விளையாட்டில் இடமில்லை. தோற்றவன் முகம் வாடாமல் சுமப்பதும், வென்றவன் செருக்கின்றி இறங்குவதும், மறுநாள் இருவரும் தோளில் கைபோட்டுக் கொண்டு மீண்டும் வருவதும் குழந்தை கற்க வேண்டிய முதற்பாடங்கள். அவற்றைப் பகவான் தாமே ஆடிக் காட்டினார்.

நம் பாட்டனார் தலைமுறை இப்பாடத்தைத் தெருவிலேயே கற்றது. வடக்கே கில்லி தண்டா என்றும் தமிழகத்தில் கிட்டிப்புள் என்றும் வழங்கும் ஆட்டத்திற்கு ஒரு மரத்துண்டும் ஒரு கோலும் போதும். நடுவர் இல்லை. வழக்கு எழுந்தால் பிள்ளைகளே வாதிட்டு, பிள்ளைகளே தீர்ப்பளித்து, ஆட்டத்தைத் தொடர்ந்தனர்.

பெரியோர் அறநெறியையும் ஆட்டமாக்கித் தந்தனர். ‘ஞான சௌபர்’ என்னும் பலகை ஆட்டத்தை வைணவர் 72 கட்டங்களுடனும் சமணர் 84 கட்டங்களுடனும் அமைத்தனர். கட்டந்தோறும் ஒரு பெயர் உண்டு. தீய குணங்களில் பாம்பு காத்திருக்கும். நற்குணங்களில் ஏணி நிற்கும். வைகுண்ட ஏகாதசி இரவில் தமிழ் இல்லங்களில் கண்விழித்து ஆடும் பரமபதம் இதன் உடன்பிறப்பே. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வாட்டம் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. தொடக்கத்தில் அங்கும் குணங்களின் பெயர்கள் இருந்தன. காலப்போக்கில் அவை உதிர்ந்து எண்கள் மட்டுமே எஞ்சின. பாம்பு இருந்தது, அது ஏன் கடித்தது என்பது மறைந்தது.

இன்று அந்தப் பலகையும் கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது. தோற்றால் திரையை ஒருமுறை தொட்டால் போதும், ஆட்டம் புதிதாகத் தொடங்கிவிடும். சுமப்பதற்குத் தோழனும் இல்லை. சமாதானம் செய்துகொள்ளச் சண்டையும் இல்லை. ஆனால் குழந்தையைக் குறை கூறுமுன் நம்மை நாமே வினவுவோம். திடலில் வீடு கட்டியவர் யார்? மாலைப் பொழுதைத் தனி வகுப்புகளால் நிரப்பியவர் யார்? உண்ணும்போதும் திரையை விட்டுக் கண்ணெடுக்காத தந்தையின் மகன் வேறு எதனைக் கற்பான்?

இது வெறும் பழைய நினைவின் ஏக்கமன்று. நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்காகப் பல மாநிலங்களிலிருந்தும் பிள்ளைகள் சென்று சேரும் ராஜஸ்தானத்துக் கோட்டா நகரில், 2023-ஆம் ஆண்டில் மட்டும் 20-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். ஒவ்வொரு துயரத்திற்கும் காரணம் பலவாக இருக்கலாம், எவரையும் பழிப்பதற்கில்லை. ஆயினும் ஒரு கேள்வி நெஞ்சை விட்டு அகல்வதில்லை. தோற்றாலும் நீ எங்கள் செல்வமே என்று அப்பிள்ளைகளுக்கு நாம் எத்தனை முறை சொன்னோம்?

கடந்த காலம் முழுவதும் பொற்காலமும் அன்று. அன்று எத்தனையோ சிறுமியர் இடுப்பில் தம்பியைச் சுமந்தபடி திண்ணையிலிருந்து ஆட்டத்தைப் பார்த்தனர். எத்தனையோ சிறுவர் வயல்களிலும் பட்டறைகளிலும் பால்யத்தை இழந்தனர். 2009-இல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கல்வியை உரிமையாக்கியது. பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்றும் விதித்தது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் 3 முதல் 8 வயது வரை விளையாட்டின் வழியே கற்பதை வலியுறுத்துகிறது. புதிய தலைமுறைக்குக் கிடைத்த நன்மையைப் போற்றுவோம். பழைய தலைமுறை பெற்றிருந்த பாடத்தையும் அதனோடு சேர்ப்போம்.

பாகவதத்தின் பதினொன்றாம் ஸ்கந்தத்தில் அவதூதர் ஒருவர் யது மன்னனிடம் தம் 24 குருமார்களைப் பற்றிக் கூறுகிறார். அவர்களுள் ஒருவர் சிறு குழந்தை! மானமும் அவமானமும் பாதிக்காமல் தன்னுள்ளேயே மகிழ்ந்திருக்கும் நிலையை அவர் அக்குழந்தையிடமிருந்து கற்றார். ஞானியர் தவத்தால் அடையும் அந்நிலை குழந்தைக்கு இயல்பாகவே வாய்க்கிறது. மதிப்பெண்ணாலும் ஒப்பீட்டாலும் அதனைப் பறித்துவிட்டு, பிற்காலத்தில் மன அமைதிக்கு வழி தேடுவது என்ன பேதைமை!

ஆகவே நாள்தோறும் அரைமணி நேரமேனும் கைப்பேசியை ஒதுக்கி வைத்துவிட்டுக் குழந்தையுடன் தரையில் அமருங்கள். பரமபதப் பலகையை விரியுங்கள். ஒவ்வொரு பாம்பின் பெயரையும் அதன் கதையையும் சொல்லுங்கள். நீங்கள் தோற்கும்போது சிரித்துக்கொண்டே தோற்றுக் காட்டுங்கள். குழந்தை தோற்று அழும்போது, கண்ணனும் ஒருநாள் தோற்றான் என்று கூறி அணைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாம்பின் வாயில் விழுந்தவனுக்கும் அடுத்த முறை பகடை உண்டு என்பதை அப்பிள்ளை அறிந்துகொள்ளும்.

தோழனைச் சுமந்த அந்தத் தோள்கள் நம் குழந்தைகளையும் தாங்கிக் காக்கட்டும்!