தலைக்கு எண்ணெய்

மனிதனுக்கு அடிப்படைத் தேவை எது? உணவு, உடை, உறையுள் என்று பள்ளிப் பிள்ளையும் உடனே விடை சொல்லிவிடும். விடை சரியானதே. ஆனால் அம்மூன்றில் எது முதலில் வேண்டும், எவ்வளவு வேண்டும், எந்த வடிவில் வேண்டும் என்பதை முடிவு செய்பவர் யார்? கொடுப்பவரா, பெறுபவரா? சேவையில் ஈடுபட்டிருக்கும் நாம் இந்தக் கேள்வியை அரிதாகவே எழுப்புகிறோம். அதை எழுப்பியே தீர வேண்டும் என்று நம்மை வற்புறுத்தும் இடம் ஒன்று பெங்களூரில் இருக்கிறது. அதன் பெயர் ஈஜிபுரா.

ஈஜிபுராவின் நடைபாதை

செல்வச் செழிப்பு மிக்க கோரமங்களாவை ஒட்டி அமைந்தது ஈஜிபுரா. தமிழ் பேசும் உழைப்பாளிக் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பகுதி இது. பொருளாதாரத்தில் நலிந்த குடும்பங்களுக்காக இங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று கட்டப்பட்டது. ஆனால் அக்கட்டடங்கள் வெகுவிரைவிலேயே பழுதடைந்தன. சில தொகுதிகள் இடிந்து விழுந்தன; எஞ்சியவையும் பின்னர் அகற்றப்பட்டன. மக்கள் அதே நிலத்தில் தகரக் கொட்டகைகளில் வாழத் தொடங்கினர். அருகிலேயே, 1997-இல் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக எழுப்பப்பட்ட உயர்ந்த மாடிவீடுகள் நின்றன. கொட்டகைகளிலிருந்து புறப்பட்ட பெண்கள் பலர் சுற்றுப்புறத்து வசதியான வீடுகளில் பாத்திரம் துலக்கி, தரை துடைத்துத் தங்கள் குடும்பத்தைக் காத்தனர்.

அந்த நிலத்தின் ஒரு பகுதியில் ஏழைகளுக்கு வீடுகளும் மறுபகுதியில் வணிக வளாகமும் அமைப்பதென்று மாநகராட்சி ஒரு தனியார் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. 2013 ஜனவரி 18-ஆம் தேதி இடிப்பு தொடங்கியது. சில நாட்களுக்குள் சுமார் 1,500 குடும்பங்களின் கொட்டகைகள் தரைமட்டமாயின. பெங்களூரில் அது குளிர்காலம். நகரின் விளிம்பில், சர்ஜாபுரச் சாலைப் பக்கமுள்ள சூலிகுண்டேயில் மாற்றிடம் தரப்படும் என்று சொல்லப்பட்டது. ஆனால் வேலை கோரமங்களாவில் இருந்தது. பிள்ளைகளின் பள்ளியும் அருகில் இருந்தது. ஆகவே நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அங்கிருந்து அகலவில்லை. வேலியிடப்பட்ட தங்கள் பழைய நிலத்தை ஒட்டிய நடைபாதையிலேயே, பிளாஸ்டிக் விரிப்புகளின் கீழ், ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன.

நல்ல உள்ளங்கள் உதவிக்கு ஓடிவந்தன. மாணவர்களும் தொண்டர்களும் அக்கம்பக்கத்தாரும் உணவு, போர்வை, துணி ஆகியவற்றைக் கொண்டுவந்து கொடுத்தனர். அவர்கள் வராமல் இருந்திருந்தால் அந்தக் குளிரில் பல குழந்தைகள் பெருந்துன்பம் அடைந்திருப்பார்கள். அவர்களுடைய கருணையைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமை இல்லை. ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அங்கே கொடுக்கப்பட்டது சோறும் போர்வையும். அம்மக்கள் கேட்டதோ வேலைக்கும் பள்ளிக்கும் நடந்து போகும் தொலைவில் ஒரு கூரை. வீடு என்பது நான்கு சுவர்கள் மட்டும் அன்று. அதுவே முகவரி. ரேஷன் அட்டைக்கும் சமையல் எரிவாயு இணைப்புக்கும் முகவரி வேண்டும். முகவரி போனால் அதைப் பற்றிக்கொண்டு நிற்கும் மற்றத் தேவைகளும் ஒவ்வொன்றாகச் சரிகின்றன.

கொடுக்கப்பட்டதற்கும் கேட்கப்பட்டதற்கும் இடையே உள்ள இந்தத் தொலைவே நம் ஆராய்ச்சிக்கு உரியது.

மூன்றாவது கம்பளி

இந்தத் தொலைவை நான் என் தவறு ஒன்றின் மூலம் அறிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில், மழை பெய்து ஓய்ந்திருந்த ஓர் இரவில், சாலையோரம் வாழ்பவர்களுக்குக் கம்பளி வழங்கும் குழு ஒன்றுடன் நானும் சென்றிருந்தேன். முதியவர் ஒருவரிடம் கம்பளியை நீட்டினேன். அவர் எழுந்து நின்று, இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு, தயக்கத்துடன் சொன்னார்: "சாமி, கம்பளி முன்னமே இரண்டு இருக்கிறது. இரண்டும் நனைந்து கிடக்கின்றன. தார்ப்பாய் ஒன்று கிடைக்குமா?"

எங்களிடம் தார்ப்பாய் இல்லை. "அடுத்த முறை பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தோம். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தார்ப்பாய் இல்லாமற்போனது பெருங்குற்றமன்று. அவருக்கு வேண்டாத ஒன்றை அவர் வணங்கி வாங்க வேண்டியிருந்தது. அதுவே என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. 'வேண்டாம்' என்று சொன்னால் அடுத்த முறை ஒன்றுமே கிடைக்காதோ என்ற அச்சம் அவர் கண்களில் இருந்தது. ஒரு மனிதரை 'வேண்டாம்' என்று சொல்ல இயலாத இடத்தில் நிறுத்திவிட்டு, அவருக்கு நான் கொடுத்தது என்ன?

ஆங்கில நூல்களைத் தமிழாக்கும் பணியில் இருக்கும் எனக்குச் சொற்களை எடைபோட்டுப் பார்ப்பது பழக்கம். அரசு அறிக்கைகளிலும் தொண்டு அமைப்புகளின் அறிக்கைகளிலும் 'பயனாளி' என்றொரு சொல் வரும். பிழையற்ற சொல்தான். ஆனால் அதில் வாய் இல்லை. பயனாளி பெறுவார், எண்ணப்படுவார், நிழற்படத்தில் நிற்பார். அவர் பேசுவதற்கு அச்சொல்லில் இடமில்லை.

தேவகரில் நிகழ்ந்தது

இங்கே ஸ்ரீராமகிருஷ்ணரின் வாழ்க்கையிலிருந்து ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்வோம். 1868-இல் மதுர்பாபுவுடன் காசி யாத்திரை சென்றபோது, வழியில் தேவகர் அருகே ஒரு கிராமத்து மக்களின் வறுமையை அவர் கண்டார். எலும்பும் தோலுமான உடல்கள்; எண்ணெய் காணாத தலைகள்; கந்தல் ஆடைகள். அவர் மதுரிடம் கேட்டவை மூன்று: ஒவ்வொருவருக்கும் வயிறார ஒருவேளை உணவு, உடுத்த ஒரு துணி, தலைக்கு எண்ணெய். யாத்திரைச் செலவை எண்ணி மதுர் தயங்கினார். உடனே ஸ்ரீராமகிருஷ்ணர் அம்மக்களின் நடுவே சென்று அமர்ந்துவிட்டார். இவர்களை விட்டுத் தாம் காசிக்கு வரப்போவதில்லை என்று கூறிவிட்டார். இறுதியில் மதுர் பணிந்தார். கல்கத்தாவிலிருந்து துணி வரவழைக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியை நாம் பலமுறை படித்திருக்கிறோம். அதில் எண்ணெய் என்ற ஒரு சொல்லைப் பெரும்பாலும் வேகமாகக் கடந்துவிடுகிறோம். பட்டினி கிடப்பவனுக்கு எண்ணெய் எதற்கு? எந்த நிவாரணப் பட்டியலிலும் அது இடம்பெறாது. எண்ணெய் இல்லாமல் எவரும் இறப்பதில்லை. ஆனால் தலைக்கு எண்ணெய் தேய்த்து, வாரி முடித்து, துவைத்த துணி உடுத்திய பெண் நான்கு பேர் முன் நிமிர்ந்து நிற்கிறாள். வயிற்றின் பசியுடன் மதிப்பின் பசியையும் குருதேவரின் கண்கள் கண்டன. அதை அவர் எப்படிக் கண்டார்? விடை அடுத்த செயலில் இருக்கிறது. அவர் போய் அவர்களுடன் அமர்ந்தார். நின்றுகொண்டு கொடுப்பவனின் கண்ணுக்கு நீட்டிய கைகளே தெரியும். உடன் அமர்ந்தவனுக்குத்தான் முகம் தெரியும்.

பின்னர், 1884-இல், தட்சிணேசுவரத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, உயிர்களிடம் இரக்கம் காட்ட நாம் யார் என்று அவரே கேட்டார். இரக்கமன்று, சிவமாகக் கண்டு செய்யும் சேவையே உரியது என்றார். அதைக் கேட்டிருந்த நரேந்திரர் பிற்காலத்தில் அதையே உலகறியச் செய்தார். இதன் நடைமுறைப் பொருளை எண்ணிப் பார்ப்போம். இரக்கப்படுபவன் தன் விருப்பப்படி கொடுக்கலாம். பூஜை செய்பவனுக்கு அந்த உரிமை இல்லை. விநாயகருக்கு அறுகம்புல், சிவனுக்கு வில்வம், திருமாலுக்குத் துளசி என்று தெய்வத்துக்கு உகந்ததைத் தேடி எடுத்துச் செல்கிறோம். வீட்டில் மிஞ்சியதைக் கொண்டுபோய்ப் படைப்பதில்லை. ஏழை நாராயணனே என்றால், அந்த நாராயணனுக்கு உகந்தது எது என்று அறிவதே பூஜையின் முதல் அங்கம். கல்லில் உறையும் தெய்வத்தின் விருப்பத்தை ஆகமத்தைப் பார்த்து அறிகிறோம். பேசும் தெய்வத்திடம் நேரில் கேட்கலாமே!

சில ஐயங்கள்

'பசியால் துடிப்பவனிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?' என்று ஓர் அன்பர் வினவலாம். முடியாது. முதல் நாள் கேட்க வேண்டியதில்லை. சோறு போட வேண்டும். 1867-இல் வடலூரில் வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் சாதி, சமயம், ஊர் எதுவும் கேளாமல் பசி ஒன்றையே தகுதியாகக் கொண்டு இன்றும் உணவளிக்கப்படுகிறது. ஆனால் பத்தாம் நாளும் கேளாமல் அதையே கொடுத்துக்கொண்டிருந்தால், நாம் நம் வசதிக்காகக் கொடுக்கிறோம் என்று பொருள். 2020-இல் பெருந்தொற்றுக்கால ஊரடங்கின்போது இதைக் கண்கூடாகக் கண்டோம். பெங்களூரிலும் பிற நகரங்களிலும் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு உணவுப் பொட்டலங்கள் வழங்கப்பட்டன. அவர்களோ ஊருக்குப் போக வழி கேட்டனர். மே மாதம் சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கும் வரையில், அதற்குப் பின்னரும்கூட, எத்தனையோ பேர் நடந்தே புறப்பட்டனர்.

'இலவசம் மனிதனைச் சோம்பேறியாக்கும்' என்பது மற்றோர் ஐயம். விடியற்காலையில் எழுந்து நான்கு வீடுகளில் வேலை செய்துவிட்டுத் தன் வீட்டு வேலையையும் பார்க்கும் ஒரு தாயைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கு நா எழும்? இருப்பினும் இந்த ஐயத்தில் ஓர் உண்மைத் துளி உண்டு. எப்போதும் பெறுபவனாகவே வைக்கப்பட்ட மனிதன் உள்ளுக்குள் குன்றிப்போகிறான். அதற்கு மருந்து, அவனும் கொடுப்பதற்கு வழி செய்வது. 2017-இல் பெங்களூரில் இந்திரா உணவகங்கள் தொடங்கப்பட்டபோது காலை உணவுக்கு 5 ரூபாய், மதியத்துக்கும் இரவுக்கும் 10 ரூபாய் என விலை வைத்தார்கள். உணவின் அடக்கவிலைக்கு அது ஈடாகாது. எனினும் காசு கொடுத்து வாங்குபவன் வாடிக்கையாளன். பிடிக்காவிட்டால் வாங்காமல் போகலாம். குருத்துவாராக்களின் பொது உணவுக் கூடத்தில் செல்வரும் வறியரும் ஒரே வரிசையில் தரையில் அமர்கின்றனர். உண்டவர் எழுந்து பாத்திரம் கழுவுகிறார். அங்கே கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்று பிரித்துக் காண இயலாது.

திருவள்ளுவர் ஈகை அதிகாரத்துக்கு முன்னே ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தை வைத்திருக்கிறார். ஊரோடு சேர்ந்து வாழ்பவனின் இயல்பான கடமை ஒப்புரவு. கைம்மாறு கருதாத மழைபோல் நிகழ்வது. இல்லாதவனுக்குக் கொடுக்கும் ஈகை அதன்பிறகு வருகிறது. ஒப்புரவு தழைத்த ஊரில் கை நீட்ட வேண்டிய நிலையே குறைந்துவிடும்.

பாத்திரமும் அரசவையும்

'அவர்கள் வீடு கேட்கிறார்கள். எளிய தொண்டர்களாகிய நாங்கள் வீட்டுக்கு எங்கே போவோம்?' இது மூன்றாவது ஐயம், நேர்மையான ஐயம். இதற்கு மணிமேகலை வழிகாட்டுகிறாள். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவள் கையில் இருந்தது. அதைக்கொண்டு காயசண்டிகையின் தீராப் பசியைத் தீர்த்தாள். ஊராரின் பசியைத் தீர்த்தாள். சிறைக்கோட்டத்துக்குள்ளும் சென்று கைதிகளுக்கு உணவளித்தாள். அதோடு அவள் நிற்கவில்லை. அரசனைக் கண்டு, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்ற வேண்டும் என்று கேட்டாள், அரசனும் இசைந்தான். அமுதசுரபியால் பசியை நீக்க முடிந்தது. சிறைக்கதவைத் திறக்க முடியவில்லை. அதற்கு ஆளும் பொறுப்பில் இருப்பவனிடம் பேச வேண்டியிருந்தது.

சேவைக்கும் நீதிக்கும் உள்ள உறவு இதுவே. பம்பாய் நடைபாதைவாசிகள் தொடுத்த வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம், பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையின் பகுதியே என்று கூறியது. இருப்பிடத்தைப் பறித்தால் பிழைப்பும் போகும் என்ற எளியவர்களின் அனுபவத்தை அத்தீர்ப்பு காதுகொடுத்துக் கேட்டது. எனினும் முறைப்படி அறிவிப்புக் கொடுத்து அவர்களை அகற்றலாம் என்றே முடித்தது. சட்டம் வந்து நின்ற இடத்திலிருந்து நம் மனசாட்சி மேலே நடக்க வேண்டும். வீடு கட்டித்தர நம்மால் இயலாமலிருக்கலாம். மனு எழுதித் தரலாம். அலுவலகத்துக்கு உடன் செல்லலாம். அட்டை கிடைக்கும் வரையில் தளராமல் துணை நிற்கலாம். பிள்ளையின் படிப்பு ஓராண்டும் விட்டுப்போகாமல் காக்கலாம். நம்மால் இயலாததை 'இயலவில்லை' என்று அவர் முகம் பார்த்துச் சொல்வதும் ஒருவகை மரியாதையே.

கர்மயோகத்தைப் போதித்த சுவாமி விவேகானந்தர், கொடுக்கும் வாய்ப்பை நமக்கு அளித்த ஏழைக்கு நாமே நன்றி செலுத்த வேண்டும் என்று வலியுறுத்தினார். நன்றிக்குரியவரிடம் நாம் எப்படி நடந்துகொள்வோம்? அமரச் சொல்வோம், என்ன வேண்டும் என்று கேட்போம், அவர் சொல்லி முடிக்கும் வரையில் காத்திருப்போம்.

அன்பர்களே, நம் மையங்களில் அடுத்த முறை அரிசியோ துணியோ கல்வி உதவியோ வழங்கத் திட்டமிடும்போது, பட்டியல் எழுதுவதற்கு முன் ஒரு மாலைப் பொழுதை அம்மக்களுடன் அமர்ந்து கழிப்போம். நாம் எண்ணியிராத ஒன்றை அவர்கள் கேட்கக்கூடும். நாம் கொண்டுசென்றதை வேண்டாம் என்றும் சொல்லக்கூடும். அப்படிச் சொல்லும் துணிவு நம்மிடத்தில் அவர்களுக்கு ஏற்பட்டால், நம் சேவை சரியான திசையில் செல்கிறது என்று கொள்ளலாம். தேவகரில் எளியவர்களின் நடுவே அமர்ந்த குருதேவர், அவர்களோடு அமரும் பணிவையும் அவர்கள் சொல்வதைக் கேட்கும் செவியையும் நமக்கு அருள்வாராக!