பெயரில்லாத உயிருக்கு நாம் கடன்பட்டவர்களா?

அரிசியிலே காணும் நீண்ட மூக்குள்ள வண்டை அறியாத குடும்பத்தலைவி இல்லை. சுளகிலிட்டுப் புடைத்து எறிந்துவிட்டு அடுத்த அலுவலைப் பார்க்கிறோம். அந்த மூக்கு வண்டுகளில் இதுவரை பெயரிடப்பட்ட இனங்கள் மட்டும் 60,000க்கு மேல். இன்னுமொன்றைக் கண்டுபிடித்துப் பெயரிடுவதால் யாருக்கு என்ன பயன்? பசித்தவனுக்கு அது சோறாகுமா? நேர்மையான இக்கேள்வியைத் தட்டிக்கழித்தல் சரியன்று.

இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரிகொனோப்டெரஸ் என்னும் மூக்கு வண்டுப் பிரிவிலே, 1885ஆம் ஆண்டு பெயர்பெற்ற ஒரேயோர் இனமே நெடுங்காலம் அத்தீவின் கணக்கில் இருந்தது. 2019ஆம் ஆண்டிலோ, ஜேர்மனியின் கார்ல்ஸ்றூஹெ நூதனசாலையைச் சேர்ந்த அலெக்சாந்தர் றீடலும், இந்தோனேசிய ஆய்வாளர் நரகுசுமாவும் ஒரே நூலில் 103 புதிய இனங்களை விவரித்தனர். சில மில்லிமீற்றர் நீளமே உள்ள, சிறகடித்துப் பறக்க இயலாத வண்டுகள் அவை. ஒரு மலைக்காட்டில் வாழ்வது மறு மலையை எளிதில் எட்டுவதில்லை. ஆகவே பிரிந்து வாழ்ந்து, வெவ்வேறு இனங்களாயின.

அவை அத்தனை காலமும் அங்கேதான் இருந்தன. பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகவே தெரிந்தன. "எல்லாம் ஒன்றுதானே" என்ற சொல் அறியாமையினால் மட்டும் பிறப்பதில்லை. உற்று நோக்க மனமில்லாமையாலும் பிறக்கிறது. வண்டைப் பற்றி அப்படிச் சொன்னால் ஓர் ஏட்டிலே பிழை வரும். மனிதரைப் பற்றி, ஓர் ஊராரைப் பற்றி, ஓர் இனத்தவரைப் பற்றிச் சொன்னால் அநீதி வரும். பழக்கம் ஒன்றே, விளைவுதான் வேறு.

ஓர் இனத்தை விவரிப்பவர் என்ன செய்கிறார்? நீளத்தை அளக்கிறார், முதுகோட்டின் புள்ளிகளையும் கோடுகளையும் குறிக்கிறார், உள்ளுறுப்புகளையும் மரபணுவையும் ஒப்பிடுகிறார். கண்டதை மட்டும் எழுதுகிறார். பின்னர் ஒரு வண்டை அப்பெயருக்குச் சான்றாகத் தெரிந்து, நூதனசாலையிலே பாதுகாத்து வைக்கிறார். எதற்காக? நாளை வேறொருவர் வந்து, "நீர் சொன்னது பிழை" என்று காட்டுவதற்கு வழி இருக்கவேண்டும் என்பதற்காக. தம்மைத் திருத்தக்கூடியவனுக்குத் தாமே ஆதாரம் வைத்துச் செல்லும் இந்த நேர்மை, வழக்குப் பேசுவோருக்கும் வதந்தி பரப்புவோருக்கும் நல்ல பாடமாகும்.

"ஆனால் அதற்காக உயிரைக் கொல்லலாமா?" என்று கேட்பீர்கள். கொலை கொலைதான், அதை ஒன்றுமில்லை என்று சொல்வதற்கில்லை. தேவைக்கு மேல் ஒன்றையும் எடுக்காமலும், எடுத்ததை வீணாக்காமலும் இருந்தால் மட்டுமே அதற்கு நியாயம் உண்டு. மறுபுறம் பாருங்கள். காடு ஒன்று வெட்டப்படும்போது அதில் மட்டும் வாழ்ந்த இனம் முழுவதுமே அழிகிறது. அதற்குப் பெயரே இல்லையென்றால், அழிந்ததென்று எந்தப் பட்டியலிலும் எழுதமுடியாது. காப்பாற்றுங்கள் என்று எந்தச் சட்டத்தின் முன்னும் முறையிட முடியாது.

பெயரிடுதலில் ஓர் ஆபத்தும் உண்டு. பெயரிட்டவன் தன்னையே உரிமையாளனாக எண்ணிவிடலாம். ஆதாம் விலங்குகளுக்குப் பெயரிட்டதாக விவிலியத்தில் வாசிக்கிறோம். அவன் அவற்றைப் படைத்தவன் அல்லன். ஆய்வாளர்களிடையேயும் தம் பெயரைத் தாமே சூட்டிக்கொள்ளாத நல்வழக்கு உண்டு. 2013ஆம் ஆண்டு நியூகினித் தீவின் 101 இனங்களுக்குப் பெயர் தேடியபோது, பப்புவா நியூகினியின் தொலைபேசி விபரக்கொத்திலிருந்து அந்நாட்டுக் குடும்பப் பெயர்கள் பலவற்றை எடுத்தார்கள். சிரிப்புக்கு இடமான செயலாகத் தோன்றலாம். ஆயினும் அந்த மண்ணின் உயிருக்கு அந்த மண்ணின் பெயர் கிடைத்தது.

அப்படியானால் பயன் என்ன? சோறு அல்ல. நமக்குப் பயன்படுவதே வாழத் தகுந்தது என்ற அளவுகோலை அந்தச் சிறு வண்டு உடைத்துவிடுகிறது. பயனற்றதென்று நாம் ஒதுக்கியதைக் குனிந்து பார்க்கப் பழகிய கண், வாசலில் நிற்கும் ஏழையையும் பெயர் சொல்லி அழைக்கப் பழகும். நம் பிள்ளைகளுக்கு அந்தக் கண்ணைக் கொடுப்போமா?