வெற்றிக் கிண்ணமும் வெறுங்கையும்



விளையாட்டுச் செய்திக்கும் ஞானக் காரியத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கக்கூடும். புனித சின்னப்பர் அப்படிக் கேட்டவரல்லர். கொரிந்து நகரத்துக் கிறீஸ்தவர்களுக்கு எழுதிய முதலாம் நிருபத்திலே ஓட்டப் பந்தயத்தையும் குத்துச் சண்டையையும் அவர் உவமையாக எடுத்தாண்டார். அந்நகருக்கு அண்மையில் இஸ்த்மியா என்னுமிடத்தில் இரண்டாண்டுக்கு ஒருமுறை பெரும் விளையாட்டு விழா நடைபெறுவது வழக்கம். தம் மக்கள் நன்கறிந்த மைதானத்திலிருந்தே அவர் போதிக்கத் தொடங்கினார். அவர் காட்டிய வழியில் நாமும் இன்று ஒரு மைதானத்துக்குச் செல்வோம்.

லண்டன் மாநகரின் விம்பிள்டன் ரெனிஸ் மைதானம். 2021ஆம் ஆண்டு யூன் 29ஆம் திகதி. நடு அரங்கில், வலைக்கு இருபுறமும் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். ஒருவர் அவுஸ்திரேலிய வீராங்கனை ஆஷ்லி பார்ட்டி. அப்போது உலக வரிசையில் முதலிடம் அவருடையது. மற்றவர் ஸ்பெயின் நாட்டுக் கார்லா சுவாரெஸ் நவாரோ. பார்ட்டி காயத்திலிருந்து மீண்டு வந்தவர். கார்லா நோயிலிருந்து மீண்டு வந்தவர்.

பார்ட்டியின் காயம் புதியது. அதே யூன் மாதம் 3ஆம் திகதி, பாரிஸ் நகரில் பிரெஞ்சுப் பகிரங்கப் போட்டியின் இரண்டாம் சுற்றிலே, இடுப்பு வேதனை தாங்கமாட்டாமல் ஆட்டத்தை இடையில் நிறுத்திக்கொண்டு வெளியேறியவர் அவர். அக்காயம் ஆறுவதற்கு இரண்டு மாதம் வேண்டியிருக்கலாம் என்பது பின்னர் தெரியவந்தது. நான்கு வாரங்கூட நிறையுமுன் அவர் மீண்டும் மட்டையைக் கையிலெடுத்து நின்றார்.

கார்லாவின் கதை இன்னும் ஆழமானது. 1988ஆம் ஆண்டில் கனேரியத் தீவுகளிலுள்ள லாஸ் பல்மாஸ் நகரில் பிறந்த அவர், உயரத்தாலும் உடற்பலத்தாலும் எதிரியை அச்சுறுத்தக் கூடியவரல்லர். ஒற்றைக் கையாலே பின்புறமிருந்து வீசி அடிக்கும் அழகிய அடியே அவருடைய அடையாளம். 2016ஆம் ஆண்டில் உலக வரிசையில் ஆறாம் இடம்வரை உயர்ந்தார். 2020ஆம் ஆண்டோடு விளையாட்டிலிருந்து ஓய்வு பெறுவதாக முன்னரே அறிவித்தும் இருந்தார். ஆனால் அந்த ஆண்டு வந்த விதம் நமக்குத் தெரியும். கொள்ளைநோய் உலகெங்கும் பரவியது, மைதானங்கள் மூடப்பட்டன. அவை மீண்டும் திறக்கும் வேளையில் அவருடைய உடம்பு களைத்தது. குமட்டலும் சோர்வும் விடாமல் தொடர்ந்தன. செப்ரெம்பர் முதலாம் திகதி, தமது 32ஆவது பிறந்த நாளுக்கு இரண்டே நாள் இருக்கையில், தமக்கு வந்திருப்பது ஹொட்ஜ்கின் லிம்போமா என்னும் புற்றுநோய் என்று அவர் யாவரும் அறியச் சொன்னார். உடலின் நிணநீர்த் தொகுதியைப் பற்றுகின்ற நோய் அது. ஆரம்ப நிலையிலே கண்டுபிடிக்கப்பட்டதால் குணமாகக் கூடியது என்றும், ஆறு மாதங்கள் கீமோதெரபி மருந்தேற்ற வேண்டும் என்றும் வைத்தியர்கள் கூறியிருந்தார்கள்.

இங்கே சற்று நின்று யோசியுங்கள். அவர் எப்படியும் ஓய்வு பெறவிருந்தவர். சிகிச்சை முடிந்ததும் வீட்டிலிருந்தே விடைபெற்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கப் போவதில்லை. ஆயினும், தாம் விடைபெறுவது ஆடுகளத்திலேயே நிகழவேண்டும் என்று அவர் ஆசித்தார். 2021ஆம் ஆண்டு வசந்த காலத்தில் குணமடைந்த செய்தி வந்தது. யூன் முதலாம் திகதி பாரிஸ் நகரில் மீண்டும் களமிறங்கினார். அமெரிக்க வீராங்கனை ஸ்லோன் ஸ்ரீபன்ஸுக்கு எதிராக முதலாவது செற்றை வென்றார். இரண்டாவதைச் சமநிலை முறிப்பில் இழந்தார். மூன்றாவதையும் இழந்து தோற்றார். அந்தத் தோல்வியோடுதான் நான்கு வாரத்தின் பின் விம்பிள்டனுக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே பார்ட்டியிடம் முதலாவது செற்றை 6-1 என்று இழந்தார். அத்தோடு முடிந்தது என்றே பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். ஆனால் இரண்டாவது செற்றைப் போராடி 7-6 என்று கைப்பற்றினார். மூன்றாவதில் மறுபடியும் 6-1, ஆட்டம் முடிந்தது. அப்போது நடு அரங்கில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். வென்ற பார்ட்டியும் தோற்றவருக்காகக் கைதட்டினார். கண் கலங்கிய நிலையில், வெறுங்கையோடு கார்லா மைதானத்தை விட்டுச் சென்றார். பதினொரு நாட்களின் பின், யூலை 10ஆம் திகதி, அதே அரங்கில் பார்ட்டி வெற்றிக் கிண்ணத்தை உயர்த்தினார்.

அந்த ஆண்டில் கார்லாவின் கணக்கைப் பார்த்தால் பெருமைப்பட அதிகமில்லை. பிரெஞ்சு, விம்பிள்டன், அமெரிக்கப் பகிரங்கப் போட்டிகள் மூன்றிலும் முதற் சுற்றிலேயே தோல்வி. ரோக்கியோ ஒலிம்பிக்கில் தூனிசிய வீராங்கனை ஒன்ஸ் ஜபீரை வென்றார். அடுத்த சுற்றில் தோற்றார். நவம்பரில் பிராக் நகரில் நடந்த நாடுகளுக்கிடையிலான போட்டியிலே தம் நாட்டுக்காக ஆடி விடைபெற்றார். கிண்ணம் எதுவும் இல்லை. இருந்தும், மீண்டு வந்தோரில் சிறந்தவர் என்ற அவ்வாண்டின் விருதை மகளிர் ரெனிஸ் சங்கம் இவருக்கே அளித்தது.

அன்பர்களே, இருவரும் மீண்டார்கள். ஒருவர் கிண்ணத்தோடும், மற்றவர் வெறுங்கையோடும். இவர்களில் யாருடைய மீட்சி நம் வீடுகளுக்கு அருகில் இருக்கிறது? நீண்ட நோயிலிருந்தோ பெருங் காயத்திலிருந்தோ எழும்பி வருகின்றவர்களில் பலர் பழைய பலத்தோடு வருவதில்லை. முன்பு பத்துப் பேருக்குச் சமைத்தவர் அரை மணி நேரம் அடுப்படியில் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிடுகிறார். முன்பு குடும்பத்தையே தோளில் தாங்கியவர் இப்போது தாமே ஒரு தோளைத் தேடுகிறார். பாடசாலைக்குத் திரும்பிய பிள்ளை வகுப்பில் பின்தங்கிவிடுகிறது. இவர்கள் மீளவில்லையா? மீண்டார்கள்தான், கிண்ணமில்லாமல் மீண்டார்கள்.

புனித சின்னப்பர் தம் மரணம் நெருங்கியதை உணர்ந்த வேளையில் திமோத்தேயுவுக்கு எழுதியதை நினைத்துப் பாருங்கள். நல்ல போராட்டத்தைப் போராடியதாகவும், ஓட வேண்டிய ஓட்டத்தை ஓடி முடித்ததாகவும், விசுவாசத்தைக் காத்துக்கொண்டதாகவும் அவர் எழுதுகிறார். முதலாவதாக வந்தேன் என்று அவர் எழுதவில்லை. அந்தப் பெருமகனாருக்கும் உடலில் ஒரு முள் இருந்தது. அதை நீக்கிவிடும்படி மூன்று முறை ஆண்டவரை மன்றாடினார். முள் நீங்கவில்லை, அதைச் சுமப்பதற்கான அருள் கிடைத்தது. அந்த முள்ளோடேயே அவர் ஓடி முடித்தார்.

கார்லாவின் ஸ்பெயின் நாட்டிலேயே, ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், இன்னொருவர் காயத்திலிருந்து மீண்டார். 1521ஆம் ஆண்டு மே மாதத்தில் பம்பலோனாக் கோட்டையைக் காத்து நின்ற லொயோலா இஞ்ஞாசியாரின் காலைப் பீரங்கிக் குண்டு முறித்தது. பிழையாகப் பொருந்திய எலும்பை மறுபடி முறித்துப் பொருத்தினார்கள். துருத்தி நின்ற எலும்பை அறுத்தார்கள். எல்லா வேதனையையும் அவர் சகித்தது, மீண்டும் அழகிய வீரனாக அரசவையில் நிற்கலாம் என்ற ஆசையால். அந்த ஆசை நிறைவேறவில்லை. நோய்ப் படுக்கையில் அவர் வாசித்த யேசுவின் சரித்திரமும் புனிதர்களின் வரலாறும் அவரை வேறு வழியில் எழுப்பிவிட்டன. வாழ்நாள் முழுவதும் சிறிது நொண்டியே நடந்தார். நொண்டிய அந்தக் கால்களோடேயே எருசலேமுக்கும், பாரிசுக்கும், உரோமைக்கும் போய்ச் சேர்ந்தார். பழைய இஞ்ஞாசியார் திரும்பி வந்திருந்தால் திருச்சபைக்கு ஒரு புனிதர் கிடைத்திருப்பாரோ?

ஆகவே நோயிலிருந்து எழும்புகின்ற சகோதரனே, சகோதரியே, உங்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. பழைய பலம் வந்து சேரட்டும், அதன்பின் என் இடத்துக்குப் போகிறேன் என்று காத்திராதீர்கள். இன்றைக்குக் கையில் உள்ள பலத்தோடு, வைத்தியர் அனுமதிக்கும் அளவில், உங்கள் இடத்துக்கு வாருங்கள். செபமாலையில் ஒரு பத்து மணியாவது நீங்கள் முன்னின்று சொல்லுங்கள். பேரப்பிள்ளைக்கு ஒரு எழுத்தாவது சொல்லிக்கொடுங்கள். நோய் உங்கள் உடலின் சில நாட்களை எடுத்துக்கொண்டது. உங்கள் வாழ்க்கையின் கடைசி வரியை எழுதும் அதிகாரத்தை அதனிடம் ஒப்படைத்துவிடாதீர்கள். கார்லா களமிறங்கியதன் பொருள் அதுவே.

இன்னொன்று. அவர் தம் நோயின் பெயரை வெளிப்படையாகச் சொன்னார். நம்மிலோ புற்றுநோய் என்றால் அண்டை வீட்டாருக்கும் தெரியாமல் மறைக்கின்ற வழக்கம் இன்னும் போகவில்லை. பெண்பிள்ளைக்குக் கலியாணம் தடைப்படும் என்று பயம். ஊரார் என்ன சொல்வார்களோ என்று வெட்கம். கட்டியைக் கண்டும், காரணமில்லாமல் உடல் மெலிவதைக் கண்டும், களைப்பு மாதக்கணக்கில் நீடிப்பதைக் கண்டும் வைத்தியரிடம் போகாமல் நாள் கடத்துகிறோம். ஆரம்பத்தில் கண்டதாலேயே அவருடைய நோய் குணமாகக் கூடியதாயிற்று. வைத்தியரை மதிக்க வேண்டும், அவரையும் ஆண்டவரே படைத்தார் என்று சீராக் ஆகமம் போதிக்கிறது. நேர்த்திக்கடன் வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை; நேர்த்திக்கடனை வைத்துவிட்டு வைத்தியசாலைக்கும் போங்கள் என்றே சொல்கிறோம்.

அடுத்த வார்த்தை வீட்டாருக்கு. சுவிசேஷத்தில் யாயீரின் மகளை யேசு எழுப்பிய பின் என்ன சொன்னார்? பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கும்படி சொன்னார். புதுமையைத் தாம் செய்தார். சோறு கொடுக்கும் வேலையை வீட்டாரிடம் விட்டார். லாசரைக் கல்லறையிலிருந்து அழைத்தார். அவருடைய கட்டுக்களை அவிழ்க்கும் வேலையைச் சுற்றி நின்றவர்களுக்குக் கொடுத்தார். நோயாளி வைத்தியசாலையிலிருந்து வீடு வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நாம் எண்ணுகிறோம். நமது பங்கு அப்போதுதான் ஆரம்பமாகிறது.

அந்தப் பங்கில் இரண்டு பிழைகள் நேரும். முன்னைப் போல ஏன் செய்யமாட்டாய் என்று அவசரப்படுத்துவது ஒன்று. உன்னால் எதுவும் முடியாது, பேசாமல் இரு என்று மூலையில் இருத்திவிடுவது மற்றொன்று. முந்தியது உடலைக் கொல்லும். பிந்தியது மனத்தைக் கொல்லும். இராயப்பரின் மாமியாரைக் காய்ச்சல் விட்டதும், அவர் எழுந்து யேசுவுக்கும் சீடர்களுக்கும் பணிவிடை செய்தார் என்று வாசிக்கிறோம். நீ நோயாளி, படுத்திரு என்று யேசு அவரைத் தடுக்கவில்லை. அவர் கொடுத்ததை ஏற்றுக்கொண்டார். விம்பிள்டனில் பார்ட்டியும் இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்து ஆடவில்லை. முழுப் பலத்தோடு ஆடி, முடிவில் கைதட்டினார். அதுவே மரியாதை. உங்கள் வீட்டில் மீண்டு வந்தவர் ஒரு கோப்பைத் தேநீரைத் தாமே ஊற்றித் தந்தால், ஐயோ உங்களுக்கேன் இந்தச் சிரமம் என்று பிடுங்காமல், நன்றி சொல்லிக் குடியுங்கள். அந்த நன்றியே உங்கள் கைதட்டல்.

திருச்சபையும் இதற்கென ஒரு திருவருட்சாதனத்தை வைத்திருக்கிறது. அவஸ்தைப் பூசுதல் என்று நம் முன்னோர் அழைத்ததை, நோயிற் பூசுதல் என்று அழைப்பதே பொருத்தம் என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டில் கற்பித்தது. 1972ஆம் ஆண்டில் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அதன் சடங்கு முறையைப் புதுப்பித்தார். மூச்சுத் திணறும் கடைசி வேளைக்கு மட்டுமே அது உரியதன்று. கடும் நோய் தொடங்கும்போதும், பாரிய சத்திரசிகிச்சைக்கு முன்னும், முதுமையால் மிகவும் தளர்ந்த வேளையிலும் அதைப் பெறலாம். குருவானவரை அழைத்தால் நோயாளி பயந்துவிடுவார் என்று கடைசிவரை தாமதிக்கும் குடும்பங்கள் பல. போகிறவருக்கு மட்டுமல்ல, மீண்டு எழும்ப வேண்டியவருக்கும் பலம் தருவதற்கே அந்தத் தைலம் இருக்கிறது.

மீளாதவர்களைப் பற்றி என்ன சொல்வது? இதை வாசிக்கின்ற சில வீடுகளில் அந்த வெற்றிடம் இருக்கும். கார்லாவுக்குக் கிடைத்தது எங்கள் பிள்ளைக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வி இருக்கும். அக்கேள்விக்கு இலகுவான மறுமொழி நம்மிடம் இல்லை. இருப்பதாக நடிப்பதும் தகாது. ஒன்றை மட்டும் சொல்லலாம். உயிர்த்த ஆண்டவர் சீடர்கள் முன் தோன்றியபோது தம் கைகளையும் விலாவையும் காட்டினார். காயங்களை அவர் துடைத்துவிட்டு வரவில்லை. மரணத்திலிருந்து மீண்டவரே தழும்புகளோடு மீண்டார். நோயோடு போராடி, விசுவாசத்தைக் காத்து, கண் மூடிய நம்மவர்களும் தங்கள் ஓட்டத்தை ஓடி முடித்தவர்களே. அவர்களுக்காக எழுந்து நிற்பவர் அங்கே இருக்கிறார்.

பார்ட்டி அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில், உலக முதலிடத்தில் இருக்கும்போதே, 25 வயதில் ஓய்வு பெற்றார். கிண்ணத்தோடு போனவரும் வெறுங்கையோடு போனவரும் ஒன்பது மாதத்துக்குள் மைதானத்தை விட்டு நீங்கினார்கள். எந்தக் கிண்ணமும் அலுமாரியில்தான் போய் நிற்கும். அன்று அரங்கிலிருந்தவர்கள் எழுந்து நின்றதோ கிண்ணத்துக்காக அல்ல, வந்தாரே என்பதற்காக.

இந்த ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பும்போது, நெடுநாள் நோயின் பின் கோயிலின் பின்வாங்கில் வந்து அமர்ந்திருக்கும் ஒருவரை நீங்கள் காணலாம். வருத்தம் எப்படி என்று கேட்டுவிட்டு விரைந்து போகாதீர்கள். அருகே சற்று இருங்கள். நீங்கள் வந்தது எங்களுக்குச் சந்தோஷம் என்று சொல்லுங்கள். ஆண்டவர் உங்கள் வழியாக அவருக்குத் தம் கரத்தை நீட்டுவாராக.