கொடுத்த பின் யாருடையது?

திருவண்ணாமலையில் கொடுத்தலும் ஏற்றலும் அன்றாட நிகழ்வுகள். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுகிலும் அன்னதானம் நடக்கிறது. கார்த்திகை மகாதீபத்திற்கு வேண்டிய நெய்க்காகப் பக்தர்கள் காணிக்கை செலுத்துகின்றனர். 1896-இல் இவ்வூருக்கு வந்த ரமண மகரிஷி, தொடக்க ஆண்டுகளில் வீட்டு வாசல்களில் நின்று கைதட்டி, இட்டதைக் கையிலேயே ஏந்தி உண்டவர். பின்னாளில் இங்கு வாழ்ந்த யோகி ராம்சுரத்குமார் தம்மைப் பிச்சைக்காரன் என்றே சொல்லிக்கொண்டார். ஆயினும் செங்கம், கலசபாக்கம், போளூர் வட்டாரங்களில் மானாவாரியாக, அதாவது மழையை மட்டுமே நம்பி, மல்லாட்டை என்னும் நிலக்கடலையை விதைக்கும் சிறு விவசாயியின் வங்கிக் கணக்கில் அரசு நேரடியாகப் பணம் செலுத்தும்போது, அது தானமா, உரிமையா, உழைப்பைக் கெடுக்கும் இலவசமா என்ற கேள்வி எழாமல் இருப்பதில்லை.

துறவி ஏற்பதில் இழிவு காணாத மரபு, இல்லறத்தான் ஏற்பதைத் துயரமாகவே கண்டது. திருக்குறளின் பொருட்பாலில் உழவு, நல்குரவு, இரவு, இரவச்சம் என்னும் நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. நல்குரவு என்பது வறுமை, இரவு என்பது பிறரிடம் கேட்டு நிற்றல், இரவச்சம் என்பது அவ்வாறு கேட்க நேருமோ என்னும் அச்சம். உழுபவன் வறுமைப்பட்டு, கேட்கும் நிலைக்கு வந்து, கேட்பதற்கே அஞ்சி நிற்பதை இந்த வரிசையில் படிக்க முடியும் என்றால், அந்த அச்சத்தின் இன்றைய இடம் கோயில் வாசலன்று, உரக்கடையின் கடன் நோட்டும் கைமாற்றுக் கேட்டு ஏற வேண்டிய உறவினர் வீட்டுத் திண்ணையுமே ஆகும்.

நடுவண் அரசு 2019 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் கிசான் சம்மான் நிதி, ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாக நிலம் உடைய விவசாயக் குடும்பத்திற்கு அளிக்கிறது. சம்மான் என்ற சொல்லுக்கு மதிப்பளித்தல் என்பது பொருள். தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, குடும்பத் தலைவியின் பெயரில் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கியது. ஐந்து ஏக்கருக்கு மேல் நன்செயோ பத்து ஏக்கருக்கு மேல் புன்செயோ உள்ள குடும்பங்கள் அதற்குத் தகுதி பெறவில்லை. இரண்டாயிரம் ரூபாய்த் தவணை ஒன்று 1,350 ரூபாய் விலையுள்ள ஒரு டி.ஏ.பி. உர மூட்டைக்கும், மூட்டை ஏறத்தாழ 270 ரூபாய் வீதம் இரண்டு யூரியா மூட்டைக்கும் சரியாகப் போய்விடும்; மிஞ்சுவது வண்டிக்கூலி. சிறிய தொகைதான். எனினும் விதைத்த பின் உரம் கடனுக்கு வாங்காத விவசாயி, விளைச்சலை அதே கடைக்காரர் சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டுக் கணக்கை நேர்செய்ய வேண்டியதில்லை, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திற்கு மூட்டையைக் கொண்டுபோய் விலை கேட்கலாம். மத்தியப் பிரதேசக் கிராமங்கள் சிலவற்றில் 2011-12-இல் சேவா என்னும் பெண் தொழிலாளர் அமைப்பின் துணையோடு நிபந்தனையின்றி மாதந்தோறும் பணம் வழங்கிப் பார்த்தபோதும், அது குடியில் கரைந்துபோகவில்லை. கூலிக்குப் போவதைக் குறைத்துச் சொந்த நிலத்தில் கூடுதலாக உழைக்கவே பலருக்கு அது இடமளித்தது.

தானம் என்பதற்கு மீமாம்சையும் அதைப் பின்பற்றிய தர்மசாஸ்திர உரைகளும் தரும் இலக்கணம் இங்கு மிகவும் பயன்படுகிறது. ஒரு பொருளின்மேல் தனக்குள்ள உடைமையை, அதாவது ஸ்வத்வத்தை, நீக்கிக்கொள்வது மட்டும் தியாகம். நீக்கிக்கொண்ட அந்த உடைமையை ஏற்பவரிடம் உண்டாக்கினால்தான் அது தானம். கொடுத்த பிறகும் இதற்குத்தான் செலவிட வேண்டும் என்று கொடுத்தவர் கை நீட்டிக்கொண்டிருந்தால் அவருடைய ஸ்வத்வம் இன்னும் நீங்கவில்லை, ஆகவே அந்தத் தானம் முற்றுப்பெறவில்லை. சமைத்த சோறு பசித்தவருக்கு உடனடித் தேவை, அதன் பெருமையில் குறையேதும் இல்லை. ஆனால் எதை, எப்போது, எந்த இலையில் என்பதைக் கொடுப்பவரே முடிவுசெய்கிறார். பணத்திலோ அம்முடிவு முழுவதும் ஏற்பவரிடம் போய்ச் சேர்கிறது. வாங்குபவர் தம் இல்லாமையை யார் முன்பும் எடுத்துக்காட்டி நிற்க வேண்டியதும் இல்லை.

பாத்திரம் அறிந்து இட வேண்டும், அதாவது தகுதி அறிந்தே கொடுக்க வேண்டும் என்னும் மறுப்பு பழையது, புறக்கணிக்கத் தக்கதும் அன்று. 2020-இல் தமிழ்நாட்டில் தகுதியற்ற பலர் போலிப் பதிவின் மூலம் கிசான் தவணை பெற்றது வெளிப்பட்டு, பணம் திரும்ப வசூலிக்கப்பட்டது. ஆனால் தகுதி என்பது உண்மையில் உழுபவரா என்பதோடு முடிய வேண்டும். வாங்கியவர் உரம் வாங்கினாரா, மகளுக்குச் செருப்பு வாங்கினாரா என்று பார்ப்பது பாத்திரம் அறிதல் ஆகாது, அது வெறும் கண்காணிப்பு. மேலும் அரசு கொடுப்பது அரசருடைய பொருளும் அன்று. தீப்பெட்டி வாங்கும் விவசாயத் தொழிலாளியின் வரியும் கருவூலத்தில் சேர்ந்திருப்பதால், இத்தொகை ஈகையைவிட ஒப்புரவுக்கே, அதாவது ஊரோடு ஒத்து வாழ்வோர் தமக்குள் செய்துகொள்ளும் கடமைக்கே, நெருக்கமானது. ஈகைக்கு முன் ஒப்புரவறிதலைத் தனி அதிகாரமாக வள்ளுவர் வைத்திருப்பது இங்கு நினைக்கத் தக்கது.

தானத்தின் அந்த இலக்கணத்திலிருந்து இன்னொன்றும் பிறக்கிறது. உரிமைத் தொகையிலிருந்து ஒரு பெண் மகாதீபத்திற்கு நெய்க்காணிக்கை செலுத்தினால், அந்தப் புண்ணியம் அரசுக்கா அவளுக்கா என்று கேட்க இடமே இல்லை. ஸ்வத்வம் அவளிடம் உண்டாகிவிட்டது, கொடுப்பவள் அவளே. விருந்தோம்பலையும் ஈகையையும் கடமையாகக் கொண்ட இல்லறத்தில், வறுமை பறித்தவற்றுள் கொடுக்கும் தகுதியே மிகப் பெரிது. உழவர் வீட்டில் நேரடிப் பணம் செய்யும் மாற்றங்களுள் முதலிடம் பெற வேண்டியது இத்தகுதி மீண்டும் கைக்கு வருவதே.

ஆனால் இம்மாற்றம் எல்லா உழவர் வீட்டுக்கும் வரவில்லை. கிசான் நிதி நில உடைமையை அடிப்படை அளவுகோலாகக் கொண்டது. குத்தகைக்கு உழுபவரும் நிலமற்ற தொழிலாளியும் அதற்குள் வருவதில்லை. கோயில் நிலத்தை உழுபவரின் நிலை இன்னும் வருத்தத்திற்குரியது. இந்தியச் சட்டம் கோயிலில் எழுந்தருளியுள்ள தெய்வத்தையே உடைமை கொள்ளத் தக்க நபராக ஏற்கிறது. அந்நிலத்தின் பட்டா சுவாமியின் பெயரில் இருப்பதால், அதில் தலைமுறையாக ஏர் பூட்டிக் குத்தகை அளப்பவர் வேறு நிலம் இல்லாதவராயின் விவசாயி என்ற கணக்கில் சேர்வதில்லை. உழுபவர் பெயரைக் குத்தகைப் பதிவேட்டிலிருந்து எடுத்து இத்தவணைக்கு உரியவராக்குவது அரசால் ஆகாத செயலன்று. அதை அரசு செய்ய வேண்டும்.