எவர் கணக்கில் எழுதுவது?

தீங்கு செய்தவன் ஒருவனாக இருக்கும்போது நீதி வழங்குவது எளிது. அடுத்தவன் வயலுக்குப் பாயும் நீரை ஒருவன் அடைத்தால், அடைத்தவன் யார், இழந்தவன் யார் என்பதை ஊரே அறியும். ஆனால், தீங்கு செய்தவர்கள் இலட்சக்கணக்கானோராகவும், அவர்களுள் ஒருவருக்கேனும் தீய எண்ணம் இல்லாமலும், ஒவ்வொருவர் செய்ததும் அணுவளவாகவும், அந்த அணுக்களெல்லாம் கூடி ஒரு மாநகரத்தின் மூச்சையே அடைப்பதாகவும் இருந்தால், அத்தீங்கை எவர் கணக்கில் எழுதுவது?

இது பொழுதுபோக்காக எழுப்பப்படும் கேள்வியன்று. காற்று மாசினை ஆராய்ந்த ஒரு வேதியியல் அறிஞரின் உழைப்பு, மனித குலத்தின் முன் வைத்துச் சென்ற கேள்வி.

புகையைப் பற்றிய வழக்கு பழமையானது. ரொட்டிச் சூளையின் புகையும் குளியல் கூடத்தின் புகையும் அண்டை வீட்டாரைத் துன்புறுத்துவது பற்றி மாலிகி மத்ஹபின் சட்ட அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். தன் உடைமையைத் தான் பயன்படுத்தும் உரிமை, பிறனுக்குத் தீங்கு தொடங்கும் எல்லையில் நின்றுவிடும் என்பதே அவர்கள் ஆய்வின் சாரம். அங்கே புகை கண்ணுக்குத் தெரிந்தது, சூளையும் தெரிந்தது, சூளைக்காரனின் பெயரும் தெரிந்தது. எனவே தீர்ப்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

1952ஆம் ஆண்டு டிசம்பரில் இலண்டன் மாநகரை ஐந்து நாட்கள் மூடிய நச்சு மூடுபனி ஆயிரக்கணக்கானோரைப் பலி கொண்டபோதும், பழி எங்கே நிற்கிறது என்பது தெளிவாகவே இருந்தது. நிலக்கரி எரிந்தது, கந்தகப் புகை எழுந்தது, புகைபோக்கிகளோ வரிசை வரிசையாக நின்றன. ஆனால் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைப் பற்றிய நோய் வேறு வகையானது.

1943ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், அந்நகரத்தார் ஒரு நாள் கண் எரிய, தொண்டை கரகரக்க, சில தெருக்களுக்கு அப்பால் எதுவும் தெரியாமல் தடுமாறினர். பகைவர் நச்சுப்புகை வீசிவிட்டனரோ என்று அஞ்சியவரும் உண்டு. பின்னர், செயற்கை ரப்பருக்கான மூலப்பொருள் தயாரித்த ஓர் ஆலையின் மீது பழி விழுந்தது. அதை மூடிப் பார்த்தார்கள், புகைமூட்டம் அகலவில்லை. குற்றவாளி ஒருவன் கிடைத்துவிட்டால் மனம் நிம்மதி அடைகிறது. அந்த நிம்மதியே சில வேளைகளில் உண்மையை மறைக்கும் திரையாகிவிடுகிறது.

திரையை விலக்கியவர் ஆரி ஹாகன்-ஸ்மிட். ஹாலந்து நாட்டின் உட்ரெக்ட் நகரில் 1900ஆம் ஆண்டு பிறந்து, 1937ஆம் ஆண்டு முதல் கலிஃபோர்னியாவின் கால்டெக் கல்விக் கழகத்தில் பணியாற்றியவர். அன்னாசிப் பழத்தின் மணம் எந்தப் பொருள்களால் ஆனது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். பழத்தின் மணத்தைக் குளிர்வித்துத் துளியாக்கிச் சோதிக்கும் அதே முறையை, நகரத்தின் காற்றின் மீது பயன்படுத்தினார். நெடியடிக்கும் சில பழுப்புத் துளிகள் கிட்டின. நகரத்தார் நாள்தோறும் உட்கொண்டது எது என்பதை அத்துளிகள் சொல்லத் தொடங்கின.

அவர் கண்டறிந்து 1950களின் தொடக்கத்தில் உலகுக்கு அறிவித்தது இது. மோட்டார் வண்டிகளிலிருந்து எரியாமல் தப்பும் பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெளிவருகின்றன. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் தம் பங்கைச் சேர்க்கின்றன. இவற்றின் மீது வெயில் படுகிறது. நைட்ரஜன் டை ஆக்சைடு ஒளியால் பிளவுபட்டு ஓர் ஆக்சிஜன் அணுவை விடுவிக்க, அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி ஓசோனாகிறது. இயல்பாக விட்டால் இந்த ஓசோன் வந்த வழியே அழிந்துவிடும். பெட்ரோல் ஆவியின் குறுக்கீடு அந்தத் திரும்பும் வழியை அடைத்துவிடுவதால் அது பெருகுகிறது. வானத்தின் உயரத்தில் நம்மைக் காக்கும் ஓசோன், தரையருகே பயிரின் இலையைக் கருக்குகிறது. வளைத்து வைத்த ரப்பரை வெடிக்கச் செய்கிறது. மனிதனின் நுரையீரலைப் புண்படுத்துகிறது.

இதன் நுட்பத்தை நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும். வண்டியின் குழாயிலிருந்து வெளிவந்தது ஓசோன் அன்று. ஓட்டியவன் விட்டது ஒன்று. மூச்சிழுத்தவன் பெற்றது வேறொன்று. இடையில் நின்று மாற்றியதோ வெயில். அப்படியானால் குற்றம் கதிரவனுடையதா?

இங்கே நம் சட்ட நூல்கள் வகுத்த ஒரு பாகுபாடு துணைக்கு வருகிறது. தீங்கை நேரே செய்பவனை 'முபாஷிர்' என்றும், அதற்குக் காரணமாக அமைபவனை 'முதஸப்பிப்' என்றும் ஃபுகஹாக்கள் பிரித்தனர். நேரே செய்தவன், எண்ணாமல் செய்திருப்பினும் ஈடு செய்யக் கடமைப்பட்டவன். காரணமானவனோ, எண்ணித் துணிந்து செய்தாலன்றிப் பொறுப்பாகான் என்பது உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த 'மஜல்லா'விலும் இடம்பெற்ற விதி. இவ்விதியை அப்படியே இங்கே பொருத்தினால், நேரே செய்த வெயிலை எந்த மன்றத்திலும் நிறுத்த முடியாது. காரணமான ஓட்டுநருக்கோ தீய எண்ணம் இல்லை. ஆக, நகரம் மூச்சுத் திணறும். குற்றவாளி என்று ஒருவரும் இரார்.

இந்த முடிவை நம் உள்ளம் ஏற்க மறுக்கிறது, மறுப்பது சரியே. ஏனெனில் எண்ணம் என்பது அறிவைச் சார்ந்தது. 1943இல் வண்டி ஓட்டியவர் அறியாதவர். அறியாமை அவருக்குத் தக்க காரணம். ஹாகன்-ஸ்மிட் கண்டறிந்ததைக் கேட்ட பின் ஓட்டியவரும், வண்டியைச் செய்து விற்றவரும், ஆட்சி புரிந்தவரும் அதே காரணத்தைக் கூற இயலாது. அறிவு ஒளி மட்டுமன்று, சுமையும் ஆகும். அந்த அறிஞர் காற்றிலிருந்து பிரித்தெடுத்தது சில இரசாயனப் பொருள்களை மட்டுமன்று. அதுவரை யாருக்கும் உரியதல்லாதிருந்த ஒரு பொறுப்பையும் பிரித்தெடுத்து மக்கள் கையில் தந்தார்.

சுமையை ஏற்க விரும்பாதவர் செய்யும் முதல் வேலை, அறிவையே ஐயத்துக்கு உள்ளாக்குவது. எண்ணெய் நிறுவனங்களின் பொருளுதவி பெற்ற ஆய்வு நிலையம் அவருடைய முடிவை மறுத்தது. நகரத்தின் பிரதிநிதி ஒருவர் 1953ஆம் ஆண்டு மோட்டார் நிறுவனம் ஒன்றுக்குக் கடிதம் எழுதி வினவியபோது, வண்டியின் புகை காற்றில் விரைவில் கலைந்துவிடும், அதனால் மாசு நேராது என்ற கருத்தில் விடை வந்தது. பெரும் மோட்டார் நிறுவனங்கள் புகைத்தடுப்புக் கருவிகளைத் தாமதப்படுத்தத் தமக்குள் கூடிச் சதி செய்தன என்று அமெரிக்க அரசு 1969ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே, இனி அவ்வாறு செய்வதில்லை என்ற உடன்பாட்டில் அந்த வழக்கு அதே ஆண்டு முடிந்தது.

வேறொரு வாதம் இதைவிட வலியது. நல்லவர்களும் அதைக் கூறுகிறார்கள். 'பல இலட்சம் வண்டிகளில் என் வண்டி ஒன்று. நான் நிறுத்தினால் காற்று தூய்மையாகிவிடுமா? என் பங்கு இலட்சத்தில் ஒன்று. ஆகவே என் குற்றமும் இலட்சத்தில் ஒன்று. அதாவது ஒன்றுமில்லை' என்பர். கணக்கு சரிபோலத் தோன்றுகிறது. அறம் கணக்கில் வகுபடுமா என்பதே நம் கேள்வி.

'ஃபர்ளு கிஃபாயா' என்னும் கூட்டுக்கடமையை நம் வாசகர்கள் அறிவார்கள். ஊரில் ஒரு ஜனாஸா இருக்கிறது. சிலர் முன்வந்து நல்லடக்கம் செய்துவிட்டால் ஏனையோரின் பொறுப்பு நீங்குகிறது. ஒருவருமே முன்வராவிட்டால் ஊர் முழுவதும் குற்றத்துக்கு உள்ளாகிறது. ஆயிரம் பேர் வாழும் ஊரில் ஒவ்வொருவரும் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே குற்றவாளி என்று எந்த இமாமும் கூறியதில்லை. நன்மை செய்யும் வேலையைப் பகிர்ந்துகொள்ளலாம். செய்யாமல் விட்ட பழியைப் பகிர்ந்து குறைத்துக்கொள்ள இயலாது. ஆற்றலும் அறிவும் மிக்கவர் மீதே அக்கடமை முதலில் விழும் என்பதையும் மறத்தலாகாது. தண்ணீரில் மூழ்குபவனைக் காப்பாற்றுவது கரையில் நிற்கும் அனைவருக்கும் கடமையே. எனினும் நீந்தத் தெரிந்தவனே முதலில் வினவப்படுவான்.

காற்றின் நிலையும் இதுதான். தனியொருவன் வண்டியைக் கைவிடுவதால் நகரம் உய்ந்துவிடாது. அதனால் அவன் பொறுப்பு ஒழிந்துவிடுவதும் இல்லை. கூட்டாகச் செய்த தீங்கைக் கூட்டாகவே நீக்க வேண்டும். அதற்குக் கருவி சட்டம். சட்டத்தைக் கேட்பதும், அதன் செலவை முணுமுணுக்காமல் ஏற்பதும், ஏய்க்காமல் நடப்பதும் தனிமனிதன் பங்கு. நீந்தத் தெரிந்த பொறியாளரும் ஆட்சியாளரும் முன்னே குதிப்பது அவர்கள் பங்கு. கலிஃபோர்னியா மாநிலம் 1968ஆம் ஆண்டு காற்று வளத்துக்கென ஒரு வாரியத்தை இயக்கத் தொடங்கியபோது, அதன் முதல் தலைவராக ஹாகன்-ஸ்மிட் அமர்ந்தார். கண்டு சொன்னதோடு தம் கடமை முடிந்தது என்று அவர் அன்னாசிப் பழத்துக்குத் திரும்பிவிடவில்லை. புகையைத் தூய்மை செய்யும் வினையூக்கிக் கருவி 1975ஆம் ஆண்டு முதல் அமெரிக்கக் கார்களில் பரவலாக இடம்பெற்றது. 1977ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

பயன் என்ன என்று கேட்பவருக்கு விடை உண்டு. தென் கலிஃபோர்னியாவில் ஐந்து ஊர்களின் சிறுவர்களை மூன்று தலைமுறை மாணவர்களாகத் தொடர்ந்து ஆராய்ந்து, 2015ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். 1990களின் நடுவில் தொடங்கிய முதற்குழுவில், பதினைந்து வயதில் மருத்துவ நோக்கில் நுரையீரல் ஆற்றல் குன்றியிருந்தோர் 7.9 விழுக்காடு. 2011ஆம் ஆண்டு வரை ஆராயப்பட்ட கடைசிக் குழுவில் அது 3.6 விழுக்காடு. நைட்ரஜன் டை ஆக்சைடும் நுண்துகள்களும் குறையக் குறைய அச்சிறுவர்களின் நுரையீரல் நன்கு வளர்ந்தது. ஓசோன் இன்னும் அப்பகுதியை விட்டு அகலவில்லை. நாட்டின் தர அளவை அது இன்றளவும் எட்டவில்லை. வேலை பாதியில் நிற்கிறது. ஆயினும் செய்த பாதி வீண்போகவில்லை.

அச்சிறுவர்கள் எவரும் வண்டி ஓட்டியவர்கள் அல்லர். தீங்கின் பங்குதாரர்களாக இல்லாமலே அதன் சுமையைத் தம் நெஞ்சுக்கூட்டில் சுமந்தவர்கள். நம் குற்றம் இலட்சத்தில் ஒரு பங்கு என்று நாம் வகுத்துப் பார்க்கிறோம். ஆனால் மூச்சுத் திணறும் குழந்தைக்கு அந்தத் திணறல் இலட்சத்தில் ஒரு பங்காக வருவதில்லை, முழுமையாகவே வருகிறது. கணக்கை எழுதும்போது, கொடுத்தவரின் பக்கத்திலிருந்து அன்று, பெற்றவரின் பக்கத்திலிருந்தே எழுத வேண்டும்.