மணைப் பலகை தூக்கி வந்த மாயக் கண்ணன்!

கோகுலாஷ்டமி வந்தால், வாசற்படியில் இருந்து பூஜையறை வரை அரிசி மாவில் குட்டிக் குட்டிப் பாதங்களாக வரைகிறோம். சீடை, முறுக்கு, அப்பம், அவல், வெண்ணெய் என்று அடுக்கி வைக்கிறோம். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் மயிற்பீலி சூட்டி, பட்டுத் துணி கட்டி, கையில் புல்லாங்குழலைக் கொடுத்துப் போட்டோவும் எடுத்து விடுகிறோம்! மறுநாள் காலையில் அதே கண்ணன், 'ஷூ எங்கேம்மா... சாக்ஸ் எங்கேம்மா?' என்று நின்ற இடத்தில் நின்றபடியே கத்துகிறான். அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு அம்மா ஓடி வந்து, தேடி எடுத்து, காலில் மாட்டியும் விடுகிறாள்.

ஆயர்பாடியில் யசோதை வளர்த்த கண்ணன் எப்படி இருந்தான் தெரியுமா? ஸ்ரீமத் பாகவதத்தில் தசம ஸ்கந்தம் 9, 10, 11 என்று மூன்று அத்தியாயங்கள். ஆண் குழந்தையைப் பெற்ற ஒவ்வொரு தாயும் அவற்றை ஒரு முறையாவது நிதானமாகப் படிக்க வேண்டும். தாமோதர லீலை என்று நாம் கதையாகக் கேட்டு, சிரித்துவிட்டு எழுந்து போகிற பகுதிதான். ஆனால், பிள்ளை வளர்ப்புக்கு வேண்டியது அதற்குள் நிறைய இருக்கிறது.

நந்தகோபன் வீட்டில் வேலையாட்களுக்குக் குறைவே இல்லை. அன்று எல்லோருக்கும் வேறு வேலை இருந்ததால், யசோதையே தயிர் கடைய உட்கார்ந்தாள். கை மத்தை இழுக்கிறது, வாய் பாடுகிறது. என்ன பாட்டு? தன் பிள்ளை செய்த குறும்புகளைத்தான் பாட்டாகப் பாடுகிறாளாம்! குழந்தைக்கு அது எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள். அம்மா வேலை செய்கிறாள், அலுத்துக்கொள்ளாமல் பாடிக்கொண்டே செய்கிறாள், அந்தப் பாட்டில் நான் இருக்கிறேன்... பக்தி பிள்ளையின் காதுக்குள் போகிற வழி இதுதான். 'உட்கார், ஸ்லோகம் சொல்லு, அப்பத்தான் டி.வி.' என்று மிரட்டிச் சொல்ல வைப்பது உதட்டோடு நின்றுவிடும். காய் நறுக்கும்போது நீங்கள் முணுமுணுக்கிற கந்த சஷ்டி கவசம், நாற்பது வயதிலும் அவனுக்கு மறக்காது.

பால் குடிக்க வந்த குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள் யசோதை. அதற்குள் அடுப்பில் பால் பொங்கியது. சாட்சாத் பரப்பிரம்மத்தைக் கீழே இறக்கி விட்டுவிட்டுப் பாலைக் காப்பாற்ற ஓடினாள்! (நாமும் அதைத்தான் செய்திருப்போம். பால் விற்கிற விலை அப்படி!) பிள்ளைக்குக் கோபம். கல்லை எடுத்துத் தயிர்ப் பானையை உடைத்தான். உள்ளே போய், கவிழ்த்து வைத்த உரல் மேல் ஏறி உறியில் இருந்த வெண்ணெயை எடுத்தான். தான் மட்டும் தின்றானா? ஒரு குரங்குக்கு அள்ளி அள்ளிக் கொடுத்துக்கொண்டு இருந்தான்.

யசோதை கோலோடு வந்தாள். யோகிகளின் மனத்துக்கும் எட்டாதவன் ஓட, அவள் துரத்தினாள். பிடித்தும் விட்டாள். அவனோ அழுகிறான், கண்ணைக் கசக்கியதில் மை முகமெல்லாம் அப்பிக்கிடக்கிறது. பிள்ளை நிஜமாகவே பயந்துவிட்டான் என்று தெரிந்த அந்தக் கணத்தில் யசோதை என்ன செய்தாள்? கோலை வீசி எறிந்தாள். வியாசர் இதை மறக்காமல் பதிவு செய்திருக்கிறார். கண்டிக்க வேண்டும் என்ற எண்ணம் போகவில்லை, அதற்குத்தான் கயிற்றை எடுத்தாள். ஆனால், பயமுறுத்துவது அங்கேயே நின்றது. குழந்தையின் கண்ணில் பயத்தைப் பார்த்த பிறகும் ஓங்கிய கையை இறக்காதவர்கள் உண்டு. பூஜையறையில் அத்தனை சாமி படங்களை மாட்டியிருந்தும், அந்த வீட்டுப் பையனுக்கு சாமி என்றால் இன்னொரு பிரம்பு என்றுதான் பதியும்.

சரி, கயிறு. வயிற்றைச் சுற்றினாள், இரண்டு விரற்கடை போதவில்லை. இன்னொரு கயிற்றை முடிந்தாள். அப்போதும் இரண்டு விரற்கடை. வீட்டில் இருந்த கயிறெல்லாம் தீர்ந்தது. கோபியர் சிரிக்கிறார்கள், யசோதையும் சிரிக்கிறாள். உடம்பெல்லாம் வேர்த்து, கூந்தலில் வைத்த பூ உதிர்ந்து, களைத்துப் போய் நின்றாள். அந்தக் களைப்பைக் கண்ணன் பார்த்தான். மனம் இரங்கியது. கட்டுப்பட்டான்.

அந்த இரண்டு விரற்கடையில் ஒன்று நம் முயற்சி, மற்றொன்று அவன் கருணை என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். இந்தக் கயிற்றின் மகிமை சாமான்யமானதா! மதுரகவியாழ்வார் நம்மாழ்வாரைப் போற்றிப் பாடிய பதினோரு பாசுரங்களுக்கு 'கண்ணிநுண் சிறுத்தாம்பு' என்றே பெயர். நாகப்பட்டினத்துக்கும் திருவாரூருக்கும் இடையில் உள்ள திருக்கண்ணங்குடிக்குப் போனால், உற்சவர் தாமோதர நாராயணனாகவே சேவை சாதிக்கிறார். வசிஷ்டர் வெண்ணெயால் செய்து ஆராதித்த கண்ணனை, இடைப்பிள்ளையாக வந்து எடுத்துத் தின்றுவிட்டு ஓடியவனை, மகிழ மரத்தடியில் தவம் செய்த ரிஷிகள் அன்பால் கட்டிப்போட்ட தலம் அது.

அம்மாக்களுக்காக இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பகவான் கட்டுப்பட்டது கயிற்றின் நீளத்தைப் பார்த்து அல்ல. தாயின் வேர்வையைப் பார்த்து. உங்கள் பிள்ளைக்கு உங்கள் வேர்வையைப் பார்க்க வாய்ப்புக் கொடுத்திருக்கிறீர்களா? நமக்கு ஒரு பழக்கம்... ஜுரத்தோடு எழுந்து மூன்று வேளையும் சமைப்போம். 'என்னம்மா பண்றது?' என்று பிள்ளை கேட்டால், 'ஒண்ணுமில்லடா கண்ணா, நீ போய் விளையாடு' என்போம். மகளிடம் மட்டும், 'கால் வலிக்குதுடி, அந்தப் பாத்திரத்தைக் கொஞ்சம் தேய்ச்சுடேன்' என்று சொல்லத் தெரிகிறது. ஆம்பளைப் பிள்ளைக்கு அது தேவையில்லை என்று யார் சொன்னது? அம்மாவின் களைப்பை ஏழு வயதில் பார்க்காதவன், மனைவியின் களைப்பை இருபத்தேழு வயதில் எப்படிப் பார்ப்பான்? 'இன்னிக்கு அம்மாவுக்கு முடியலைடா, நீயே தட்டைப் போட்டுக்கோ' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவனுக்குள் இருக்கும் தாமோதரன் இரங்கட்டும்.

உரலோடு கட்டுண்ட குழந்தை அதை இழுத்துக்கொண்டே தவழ்ந்து, இரட்டை மருத மரங்களுக்கு நடுவே புகுந்து, அவற்றைச் சாய்த்தான் அல்லவா? மரமாக நின்றவர்கள் நளகூபரனும் மணிக்ரீவனும், குபேரனின் பிள்ளைகள். கேட்டதெல்லாம் கிடைத்த வீட்டுப் பிள்ளைகள். செல்வச் செருக்கில், நாரத மகரிஷி எதிரில் வந்தபோதுகூட ஆடை எடுத்து உடுத்தத் தோன்றவில்லை. நாரதர் சபித்தது ஆத்திரத்தில் இல்லை. வறுமையும் வலியும் அறிந்தவனுக்குத்தான் அடுத்தவர் வலி புரியும் என்று அவர் அங்கே விளக்குகிறார். முள் குத்திய அனுபவம் உள்ளவன், இன்னொருவனுக்கு முள் குத்தக் கூடாது என்று நினைப்பானாம்.

நாமோ பிள்ளைக்கு ஒரு முள்கூடக் குத்தாமல் வளர்க்கப் பார்க்கிறோம். அப்படியானால் இரக்கத்தை எங்கிருந்து கற்பான்? நம்மைப் பார்த்துத்தான். அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள்! கடோபநிஷத்தில் வரும் நசிகேதன் சின்னப் பையன். அப்பா யாகம் செய்து தானம் கொடுக்கிறார். கொடுத்த பசுக்களோ தண்ணீர் குடித்து முடித்தவை, புல் மேய்ந்து முடித்தவை, பாலும் வற்றியவை. அதைப் பார்த்த மாத்திரத்தில் அந்தப் பையனுக்குள் சிரத்தை புகுந்தது என்கிறது உபநிஷதம். 'அப்பா, என்னை யாருக்குக் கொடுக்கப் போறே?' என்று கேட்டே விட்டான். ஜிப் போன பையும், காலர் கிழிந்த சட்டையும் வேலைக்கார அம்மாவின் பிள்ளைக்குப் போகும்போது, நம் வீட்டு நசிகேதனும் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறான். அவன் பிறந்த நாளைக்கு இரண்டு சட்டை எடுப்பதாக இருந்தால், ஒன்றை அந்தப் பிள்ளையின் அளவில் எடுத்து, அவன் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்களேன்.

பிரசங்கம் முடிந்து பிரசாதம் வாங்க வருகிற தாய்மார்களில் சிலர், கண் கலங்கி ஒரு கேள்வி கேட்பார்கள். 'தாத்தாவுக்கு உடம்பு சரியாகணும்னு தினமும் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டான். தாத்தா போயிட்டார். இப்ப சாமி ரூமுக்கே வரமாட்டேங்கறான். என்ன சொல்றது?'

அம்மா... வற்புறுத்தாதீர்கள். 'அப்படிப் பேசினா சாமி கண்ணைக் குத்தும்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இத்தனை தோப்புக்கரணத்துக்கு இன்ன பலன் என்று அவனுக்குக் கணக்குச் சொன்னவர்கள் நாம்தான். அந்தக் கயிறு எப்போதும் இரண்டு விரற்கடை குறையும். அவன் கோபம் நியாயமானது. பானையை உடைத்த கண்ணனின் கோபம்போல அதுவும் உரிமையுள்ள இடத்தில் வருகிற கோபம். பேசாமல் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, தாத்தாவைப் பற்றிப் பேசுங்கள். அமாவாசையன்று காக்காய்க்குச் சாதம் வைக்கிற வேலையை அவனிடம் விடுங்கள். மொட்டை மாடியில் நின்று 'கா... கா...' என்று அவன் கூப்பிடட்டும். பெரியாழ்வார் பாசுரத்தில் யசோதைகூடக் கண்ணனின் குழல்வார காக்கையைத்தானே கூப்பிடுகிறாள்! பூஜையறைக்கு அவனே வருவான். வர நாளாகும், ஆகட்டும்.

பெரியாழ்வாரைச் சொன்னதும் மனசு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓடுகிறது. 461 பாசுரங்கள் கொண்ட அவருடைய திருமொழியின் முற்பகுதி முழுக்க, ஒரு தாயின் ஒரு நாள் பொழுதுதான். தாலாட்டு, நிலாவைக் கூப்பிடுவது, சப்பாணி கொட்டுவது, காது குத்தல், பூச்சூட்டல், திருஷ்டி கழிப்பது! குளிக்க வராமல் அடம்பிடிக்கிற பிள்ளையிடம், 'இன்று உன் பிறந்த நட்சத்திரம், நீராட வா. அப்பமும் சிற்றுண்டியும் சுட்டு வைத்திருக்கிறேன்' என்று நைச்சியம் பேசுகிறாள். கன்றுகள் பின்னே காட்டுக்கு அனுப்பிவிட்டு, 'குடையும் செருப்பும் கொடுக்காமல் அனுப்பிவிட்டேனே' என்று தவிக்கிறாள். இதெல்லாம்கூட வேதத்துக்குச் சமமான திவ்யப் பிரபந்தத்தில் சேர்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்து, வழுக்கி வழுக்கி ஓடுகிற பிள்ளையைத் துரத்திப் பிடித்துக் குளிப்பாட்டுகிறீர்களே... அன்றைக்கு விளக்கேற்ற நேரமாகிவிட்டதே என்று வருந்த வேண்டாம். ஆழ்வார் கணக்கில் அதுவும் ஆராதனைதான்.

இன்னொரு காட்சி, 13-வது அத்தியாயத்தில் இருக்கிறது. யமுனைக் கரை மணலில் கண்ணனைச் சுற்றிப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடுகிறார்கள். கண்ணனின் இடக் கையில் தயிர் சாத உருண்டை. விரல் இடுக்குகளில் தொட்டுக்கொள்ளக் காய்கள். ஊறுகாய் என்று நம் உபன்யாசகர்கள் ரசித்துச் சொல்வார்கள். அவரவர் வீட்டுச் சாதத்தின் ருசியை ஒருவருக்கொருவர் காட்டிச் சிரிக்கிறார்கள். டிபன் பாக்ஸில் தினமும் ஒரு இட்லி கூடுதலாக வையுங்கள். 'யாருக்கும் கொடுத்துடாதே, நீ மட்டும் சாப்பிடு' என்று சொல்லி அனுப்பாதீர்கள்.

விட்ட இடத்துக்கு வருவோம். மரம் விழுந்த சத்தத்தில் எல்லோரும் ஓடி வந்தார்கள். நந்தகோபனும் வந்தார். இடுப்பில் கயிறும் பின்னால் உரலுமாக நின்ற பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார், கட்டை அவிழ்த்தார். 'யார் கட்டினது? ஏன் கட்டினே?' என்று பிள்ளை எதிரில் மனைவியை அதட்டினார் என்று பாகவதத்தில் ஒரு வரிகூட இல்லை. உங்கள் வீட்டுக்காரருக்கு இந்த இடத்தை மட்டும் சத்தமாகப் படித்துக் காட்டலாம்!

அதற்குப் பிறகு வருகிறது எனக்கு மிகவும் பிடித்த ஸ்லோகம். வீட்டில் பெரியவர்கள் சொன்னால் கண்ணன் மணைப் பலகையை எடுத்து வருவானாம்; அளக்கிற படியை எடுத்து வருவானாம்; அப்பாவின் பாதுகையைத் தூக்கி வருவானாம். மூவுலகையும் அளந்தவன், அரிசி அளக்கிற படியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வருகிற அழகைக் கண்ணை மூடி ஒரு முறை பாருங்கள்! நம் வீட்டிலும் சாப்பிட உட்காரும்போது தண்ணீர் எடுத்து வைக்கிற வேலை பையனுடையதாக இருக்கட்டும். தீபாராதனை நேரத்தில் மணி அடிப்பது அவன். சீடை உருட்டுவதும் அவன்தான். கோணல்மாணலாக உருட்டினாலும் பரவாயில்லை, சீடை வெடிக்காமல் இருந்தால் சரி.

ஒரு நாள் வாசலில் பழக்காரியின் குரல். உள்ளே ஓடிய கண்ணன், பிஞ்சுக் கைகள் நிறையத் தானியத்தை அள்ளிக்கொண்டு ஓடி வந்தான். வருகிற வழியில் விரல் இடுக்கில் எல்லாம் சிந்திவிட்டது. அந்த அம்மாள் கணக்குப் பார்க்கவில்லை. இரண்டு கையும் கொள்ளாமல் பழங்களை அடுக்கினாள். அவள் கூடை ரத்தினங்களால் நிறைந்தது என்கிறார் சுகர். உங்கள் தெருவிலும் வெயிலில் கீரைக் கூடையோடு ஒரு பாட்டி வருவார். அடுத்த முறை காசு கொடுக்கப் பையனை அனுப்புங்கள். இரண்டு ரூபாய்க்கு அவன் எதிரில் பேரம் பேசாதீர்கள். கூடையை இறக்க ஒரு கை கொடுத்துவிட்டு, 'பாட்டி, குடிக்கத் தண்ணி வேணுமா?' என்று அவன் கேட்கட்டும்.