பின்பாட்டுக்கு ஓர் இடம்

மீனவ ஊரான கீழவைப்பாரின் கரையில் இப்போது படகு இன்ஜின் சத்தம்தான். ஆள்பலத்தால் வலை இழுத்த காலத்தில் இந்தக் கடற்கரையில் அம்பாப் பாட்டு இருந்தது. ஒருவர் முதலடி எடுப்பார். மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று வாங்குவார்கள். முதலடி புரியாதவனும் தாளம் விழும்போது கயிற்றை இழுத்தால் போதும், அவனும் பாட்டில் சேர்த்தி. ஆட்டிசம் உள்ள, பேச்சு வராத பிள்ளைகளை நினைக்கையில் அந்தப் பின்பாட்டு நினைவுக்கு வருகிறது.

*

ஆட்டிசத்தைத் தனி நிலையாக விவரித்து மனநல மருத்துவர் லியோ கானர் 1943-ல் எழுதியது 11 குழந்தைகளைப் பற்றி. அவர்களில் முதல் சிறுவன் ஒரு வயதிலேயே பல மெட்டுகளைப் பிசகாமல் பாடியிருக்கிறான். மனிதரோடு ஒட்டவில்லை என்று சொன்ன அதே கட்டுரையில் இதுவும் இருக்கிறது. ஊர் பிடித்துக்கொண்டது அந்த ஒட்டாமையை மட்டும்.

*

சென்னையில் அம்பிகா காமேஷ்வர் 1989-ல் தொடங்கிய ரமண சுநிருத்ய ஆலயா, பாட்டு, ஆட்டம், கதை, நாடகம் வழியாகவே சிறப்புக் குழந்தைகளுக்குக் கற்பிக்கிறது. நாடகத்தில் ஒரு நிம்மதி உண்டு. யார் எப்போது பேசுவார், எங்கே நிற்பார் என்பது ஒத்திகையிலேயே முடிவாகிவிடும். எதிர்பாராத மாற்றத்தில் கலங்கிப்போகும் பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல். வீட்டுக்கு வரும் விருந்தாளியின் கேள்விகளுக்கு ஒத்திகை கிடையாது.

*

2017-ல் ஓர் ஆய்வு முடிவு வந்தது. 9 நாடுகள், ஆட்டிசம் உள்ள 364 குழந்தைகள், 5 மாத இசைச் சிகிச்சை. பிறரோடு பழகுவதில் உள்ள சிரமங்கள், இசைச் சிகிச்சை பெறாத பிள்ளைகளோடு ஒப்பிட, குறிப்பிடும்படி குறையவில்லை. எனக்கு இது ஏமாற்றமாகப் படவில்லை. மற்ற பிள்ளைகளை எந்த நோய் தீர என்று பாட்டுக்கு அனுப்புகிறோம்? பிடிக்கிறது, பாடுகிறார்கள். இவர்களிடம் மட்டும்தான் பலன் கேட்கிறோம்.

*

சில நாடுகளில் இந்தப் பிள்ளைகளுக்கென்றே நாடகக் காட்சிகள் நடக்கின்றன. ஒலி குறைவு, அரங்கில் முழு இருட்டு இல்லை, நடுவில் எழுந்து நடக்கலாம், குரல் எழுப்பலாம். நம் கோயில் திருவிழா நாடகத்திலும் இதைச் செய்யப் பெரிய செலவில்லை. ஸ்பீக்கரைக் கொஞ்சம் தணிக்கலாம். ஒத்திகைக்கே பிள்ளையைக் கூட்டிவரச் சொல்லலாம். கூட்டமாக வரும் காட்சியில் அவனுக்கு ஒரு வேடம் தரலாம். ‘உஸ்’ என்று அதட்டும் பெரியவரிடம் முன்னாடியே பேசி வைக்கலாம். இதில் கஷ்டம் கடைசி வேலைதான்.